ஞாபகமில்லாத பத்திரிகை

1

நாலைந்து வருஷங்களுக்கு முன் என்னை ஒரு மலையூர்க் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது எடைக்கு வந்த புத்தகக் கட்டுகளில் நாவல் ஏதாவது கிடைக்காதா என்று கிளறிக்கொண்டிருந்தேன். 1930களில் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் மூன்று இதழ்கள் அகப்பட்டன. ‘பேரன்ட்ஸ் மேகஸின்’ என்ற குழந்தை வளர்ப்புப் பத்திரிகை. அந்த வீட்டில் ஒரு காலத்தில் அமெரிக்க மிஷனரிக் குடும்பம் இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். ஓர் இதழின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ஐந்து எண்களைக் குறித்திருந்தார்கள்: 6, 10, 2, 6, 10.

வங்கிக்காரனுக்கு எண்களைப் பார்த்தால் கூட்டத்தான் தோன்றும். அப்போது என் மனைவிக்கு ஏழு மாதம். வீட்டில் கொண்டுபோய்க் காட்டியதும் அவள் இடைவெளியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பால், நடுவில் அழுதால் தூக்கக் கூடாது, தூக்கினால் குழந்தை கெட்டுப்போகும் என்பது அந்தக் காலத்து அமெரிக்க நிபுணர்களில் பெரும்பாலோர் சொன்ன விதி.

அந்தப் பெண் யாரென்று தெரியாது. எட்டு மணிக்குக் குழந்தை அழுதபோது அவள் என்ன செய்தாள் என்பதுதான் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா? விதியை மீறித் தூக்கிவிட்டுப் பிறகு குற்ற உணர்வில் கிடந்தாளா? எதைச் செய்திருந்தாலும், அவளுக்கும் அவள் குழந்தைக்கும் நடுவில் ஓர் அச்சிட்ட பக்கம் வந்து நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து வருஷங்களில் இம்மாதிரிப் பக்கங்கள் நேர் எதிராகப் பேசத் தொடங்கின. அழுதால் தூக்கு, பசித்தால் கொடு என்றன. அதை அவளிடம் போய் யார் சொன்னார்கள்?

பிறருக்கு அச்சில் யோசனை சொல்கிறவனுடைய பொறுப்பு எதுவரை போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

அந்தப் பத்திரிகையின் சரித்திரத்தைப் பிற்பாடு தேடிப் படித்தேன். 1926 அக்டோபரில் ‘சில்ட்ரன்’ என்ற பெயரில் தொடங்கியது. 1929இல் ‘பேரன்ட்ஸ்’ ஆயிற்று. இந்தப் பெயர் மாற்றமே ஒரு விமர்சனம் போலிருக்கிறது. பத்திரிகையின் விஷயம் குழந்தை அல்ல, பெற்றோரின் கவலை என்பது மூன்றே வருஷத்தில் தெளிவாகிவிட்டது. நிறுவியவர் ஜார்ஜ் ஹெக்ட். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் பிரசார ஸ்தாபனத்தில் கார்ட்டூன் பிரிவை நடத்தியவர். ஜனங்களின் மனதை அச்சால் ஒரு திசையில் திருப்ப முடியும் என்பதை அங்கே கற்றிருப்பார். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு நிதி ஒன்று பின்னால் நின்றது. அதன் மூலம் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி, யேல், மின்னசோட்டா, அயோவா ஆகிய பல்கலைக்கழகங்கள் பங்குதாரர்களாயின. ஞானமும் வியாபாரமும் ஒரே நிர்வாகத்தில் அமர்ந்தன.

ஆசிரியை கிளாரா ஸாவேஜ் லிட்டில்டேல். பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்காகப் பத்திரிகை வேலை செய்தவர். போர்க்காலத்தில் பிரான்ஸுக்கு நிருபராகப் போனவர். 1926 முதல் 1956இல் இறக்கும்வரை முப்பது வருஷம் இந்தப் பத்திரிகையை நடத்தினார். அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய தலைமுறைக்கு விஞ்ஞானத்தின்மேல் இருந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. 1915இல் அமெரிக்காவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய நூறு முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 1950இல் அந்த எண் முப்பதுக்குக் கீழே வந்துவிட்டது. சுத்தமான பால், நல்ல குடிநீர், தடுப்பூசி, மருந்து எல்லாம் சேர்ந்து செய்த காரியம். இவற்றைப் பற்றிய அறிவை வீடுகளுக்குள் கொண்டுபோனதில் இத்தகைய பிரசுரங்களுக்குப் பங்கில்லை என்று சொன்னால் அது பொய். சொந்த ஊரையும் தாயையும் விட்டு நகரத்துக்கு வந்து, நாலு சுவருக்குள் ஒரு சிசுவோடு தனியாக விடப்பட்ட பெண்ணுக்கு மாதம் ஒருமுறை தபாலில் ஒரு துணை வந்தது.

அந்தத் துணை விலைக்கு வந்தது என்பது இன்னொரு பக்கம். அதில் விளம்பரம் செய்த பொருள்களுக்குப் பத்திரிகையே ஒரு பாராட்டு முத்திரை கொடுத்தது. முத்திரை பொருளுக்கு நற்சான்று, பொருள் பத்திரிகைக்கு வருமானம். என்னிடம் இருக்கும் மூன்று இதழ்களையும் புரட்டும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். கட்டுரை ஒரு பயத்தைக் கிளப்பிவிடுகிறது, எதிர்ப்பக்கத்தில் விளம்பரம் அந்தப் பயத்துக்கு ஒரு டப்பாவைக் காட்டுகிறது. யாரும் சதி செய்து அப்படி அமைக்க வேண்டியதில்லை. பத்திரிகையின் பொருளாதாரமே அப்படித்தான் பக்கம் கட்டும். தன் குழந்தையைத் தானே வளர்த்துவிடுவேன் என்று நம்பும் பெண் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டாள். தன்னம்பிக்கை தருவதாகச் சொல்லும் பத்திரிகை, அதை முழுதாகத் தந்துவிட்டால் பிழைக்க முடியாது.

3

நிபுணர்கள் மாறிமாறிப் பேசினார்கள் என்று கேலி செய்வது சுலபம். 1928இல் வாட்ஸன் என்ற மனோதத்துவ அறிஞர், குழந்தையை முத்தமிடாதீர்கள், மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் போதும் என்று புத்தகம் எழுதினார். அப்போது அவர் ஒரு விளம்பரக் கம்பெனியில் உத்தியோகஸ்தர் என்பதும் உண்மை. 1946இல் டாக்டர் ஸ்பாக்கின் புத்தகம் வந்து, தாய் தன் மனம் சொல்வதை நம்பலாம் என்றது. அமெரிக்க அரசே 1914 முதல் வெளியிட்டுவந்த சிசு பராமரிப்புக் கைப்பிரதியின் பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்து, மார்த்தா உல்ஃபென்ஸ்டைன் 1951இல் ஓர் அருமையான கட்டுரை எழுதினார். முதல் பதிப்பில் குழந்தையோடு விளையாடுவதே ஆபத்து. 1940களில் விளையாட்டு நல்லது. அதோடு நிற்கவில்லை. தாய் அதை அனுபவித்து மகிழவும் வேண்டும். தடையாக இருந்தது கடமையாக மாறிற்று. முன்பு சந்தோஷப்பட்டால் குற்றம், பின்பு சந்தோஷப்படாவிட்டால் குற்றம்.

கருத்து மாறுவது தவறல்ல. புது உண்மை தெரிந்த பிறகும் மாறாதவன்தான் தவறு செய்கிறான். வாட்ஸன்கூட 1936இல் தன் சுயசரிதைக் குறிப்பில் அந்தப் புத்தகத்துக்காக வருந்தினார்; அதை எழுதும் அளவுக்குத் தனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். என்னை உறுத்துவது வேறு. இந்த மாற்றங்கள் எப்படி யாருக்கும் வலிக்காமல் நடந்தன?

விடை வாசகர்களின் ஆயுளில் இருக்கிறது. குழந்தை வளர்ப்புப் பத்திரிகையின் வாசகி மூன்று நாலு வருஷத்துக்குமேல் தங்க மாட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போனதும் அவள் சந்தா முடிந்துவிடும். அவள் இடத்துக்கு அன்றைக்குத்தான் கருவுற்ற இன்னொருத்தி வருவாள். 1930இல் படித்தவள் 1946இல் அங்கே இல்லை. 1946இல் படிக்கிறவளுக்கு 1930 தெரியாது. எனவே பத்திரிகைக்கு ஞாபகம் தேவைப்படவில்லை. பழையதை மறுத்து எழுத வேண்டியதில்லை, அதை விட்டுவிட்டால் போதும். ஒரு வாசகன் இருபது வருஷம் கூடவே இருந்து, நீ அந்த இதழில் அப்படிச் சொன்னாயே, இப்போது இப்படிச் சொல்கிறாயே என்று கார்டு எழுதும் தொல்லை நம் சிறுபத்திரிகைகளுக்கு மட்டுமே வாய்த்தது.

மறதி எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1950களிலிருந்து ஸ்பாக்கின் புத்தகப் பதிப்புகள் சிசுவைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லின. மல்லாந்து கிடந்தால் வாந்தி தொண்டையில் அடைக்கும், தலை ஒரு பக்கம் தட்டையாகும் என்பது காரணம். தர்க்கத்துக்குப் பொருந்திய காரணம்தான். ஆனால் குப்புறப் படுத்த குழந்தைகள்தான் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் அதிகம் செத்தன. 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாத்திப் படுக்கவைக்கும் இயக்கம் தொடங்கிய பிறகு, அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் பத்தாண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாயின. ரூத் கில்பர்ட் முதலானோர் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2005இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். அதுவரை கிடைத்த ஆதாரங்களை ஒழுங்காகக் கூட்டிப் பார்த்திருந்தால் 1970 வாக்கிலேயே உண்மை தெரிந்திருக்கும். பிரிட்டனில் பத்தாயிரத்துக்கு மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பிரதேசங்களில் குறைந்தது ஐம்பதாயிரமும் சிசு மரணங்களைத் தடுத்திருக்கலாம்.

கூட்டிப் பார்க்கவில்லை. ஒரு பக்கத்து இருப்பை அடுத்த பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போகாத பேரேடு அது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் இதன் பயங்கரம்.

4

அப்படியானால் நிபுணரைத் தள்ளிவிட்டு இதயத்தைக் கேட்போம் என்று ஒருவர் சொல்லலாம். சொன்னார்கள். 1976இல் கொலராடோவில் ஒரு தாய் ‘மதரிங்’ என்ற சிறிய பத்திரிகையைத் தொடங்கினாள். 1980 முதல் பெகி ஓமாரா அதை நடத்தினார். பெரிய பத்திரிகைகளின் டப்பா விளம்பர உலகத்துக்கு எதிர்ப்பு அது. தாய்ப்பால், வீட்டுப் பிரசவம், குழந்தையை உடம்போடு வைத்துக்கொள்வது என்று அவர்கள் பேசியதில் பலவற்றைப் பின்னால் மருத்துவ உலகமே ஏற்றுக்கொண்டது. மனோபாவத்தில் அது நம் பத்திரிகைகளுக்கு உறவு. அதனால்தான் அதன் வீழ்ச்சி எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஸ்தாபனத்தைச் சந்தேகிப்பது முதலில் ஒரு நேர்மை. பிறகு அதுவே ஒரு பழக்கம். மதரிங் தடுப்பூசியைப் பற்றிய சந்தேகங்களுக்கு இடம் கொடுத்தது. 2001இல் கர்ப்பிணியான கிறிஸ்டின் மஜோரேயை அட்டையில் போட்டது. எய்ட்ஸ் கிருமி தொற்றியிருந்தும், அக்கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதை மறுத்தவர் அவர். ஏஇஸட்டி என்ற மருந்து வேண்டாம் என்ற வாசகத்தை வயிற்றில் எழுதியபடி நின்றார். தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்றுவதை அம்மருந்து மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்பது 1994இலேயே நிரூபணமான விஷயம். அந்தக் கர்ப்பத்தில் பிறந்த பெண் குழந்தை 2005இல் மூன்றரை வயதில் இறந்தது. எய்ட்ஸ் சார்ந்த நிமோனியா என்று லாஸ் ஏஞ்சலஸ் பிரேதப் பரிசோதனை சொன்னது. தாய் அதை ஏற்கவில்லை. 2008இல் அவரும் இறந்தார்.

அவரைத் தூஷிக்க எனக்கு மனம் வரவில்லை. தான் நம்பியதைத் தன் உடம்பை வைத்தே நம்பினார். அட்டையை அச்சுக்கு அனுப்பியவர்களின் உடம்பு அதில் இல்லை. யோசனை சொல்கிறவனுக்கும் கேட்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நிபுணனின் குரலில் சொன்னாலும் சரி, இதயத்தின் குரலில் சொன்னாலும் சரி, நஷ்டம் கேட்டவள் வீட்டில்தான் பற்று எழுதப்படுகிறது.

5

வீழ்ச்சி கண்டிப்பாக இந்தப் பாவங்களுக்கான தண்டனை அல்ல. அப்படி நினைப்பது நமக்கு இதமாக இருக்கும், ஆனால் நடந்தது வேறு. ஹெக்ட் 1978இல் தன் பத்திரிகையை ஒரு ஜெர்மானியப் பதிப்பகத்துக்கு விற்றார். 2005இல் மெரடித் கம்பெனி அதையும் வேறு சில பத்திரிகைகளையும் சேர்த்து 35 கோடி டாலருக்கு வாங்கியது. அவற்றில் ஒன்றான ‘சைல்ட்’ 2007இல் நின்றது. 2009இல் ‘குக்கி’, ‘வொண்டர்டைம்’ என்ற மற்ற கம்பெனிகளின் பத்திரிகைகள் மூடப்பட்டன. 2011இல் மதரிங் அச்சை நிறுத்தியது. 2013இல் மெரடித் தன் போட்டியான ‘பேரன்டிங்’ பத்திரிகையை விலைக்கு வாங்கி மூடியது. 2022 பிப்ரவரியில், புது முதலாளிகளின் கீழ், பேரன்ட்ஸின் அச்சுப் பதிப்பும் வேறு ஐந்து பத்திரிகைகளோடு ஒரே அறிவிப்பில் முடிந்தது. அப்போதும் அதற்கு இலட்சக்கணக்கில் பிரதிகள் இருந்தன. நம்மில் ஐந்நூறு பிரதி போட்டு நொடித்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். வாசகர் போகவில்லை, விளம்பரக்காரர் போய்விட்டார். ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற தகவலை அவருக்கு இப்போது இன்னும் மலிவாக, இன்னும் சீக்கிரமாக விற்க வேறு இடம் வந்துவிட்டது.

பேரன்ட்ஸ் என்ற பெயர் கணினித் திரையில் தொடர்கிறது. அங்கே ஒரு புது ஏற்பாடு. கட்டுரையைத் திருத்தினால் மேலே புதுத் தேதி போட்டுவிடுகிறார்கள். நேற்று அங்கே என்ன இருந்தது என்பது சாதாரண வாசகிக்குத் தெரிய வழியில்லை. அச்சுப் பத்திரிகை தன் பழைய சொல்லை மறந்தது. ஆனால் அதை அழிக்க முடியவில்லை. மலையில் ஒரு வீட்டில், எண்பது வருஷத்துக்கு மேல், ஐந்து பென்சில் எண்களோடு அது கிடந்தது. நான் கேள்வி கேட்க முடிந்ததே அது அப்படிக் கிடந்ததால்தான். போனது இந்தச் சாட்சியம். பத்திரிகைக்காக நான் துக்கப்படுவதானால் இதற்காக மட்டுமே.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கையால் பேரேடு எழுதிய காலத்து மூத்த குமாஸ்தாக்கள் சொல்லிக்கொடுத்தது. தப்பான எண்ணைச் சுரண்டக் கூடாது, மையால் மூடவும் கூடாது. குறுக்கே ஒரு கோடு போடு, அடியில் பழைய எண் படிக்கிற மாதிரி இருக்கட்டும், மேலே சரியானதை எழுது, பக்கத்தில் சுருக்கொப்பம் வை. இப்போது கணினி வந்துவிட்டது. அதிலும் தப்பான பதிவுக்கு எதிர்ப்பதிவுதான் போடலாம், இரண்டும் நிற்கும். தப்பே செய்யாதே என்று இந்த விதி கேட்கவில்லை. தப்பு செய்தவன் நான்தான் என்பது தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்கிறது.

என் மகள் பிறந்தபோது அம்மா சேனை வைக்க வேண்டும் என்றாள். சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டாவது நாக்கில் படவேண்டும், வம்சத்துப் பழக்கம். மருத்துவர் கூடாது என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சென்ற வருஷம் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. அவன் மாமியார் சேனைக் கிண்ணத்தோடு வந்தார். அம்மாதான் தடுத்தாள். “வேண்டாம் சம்பந்தி. நானும் முன்னே வைக்கணும்னுதான் நின்னேன், பெரியவன் விடலை. அது என் தப்பு. எனக்கு அப்போ தெரியலை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். பாட்டிகளின் அறிவைப் பெரிதுபடுத்தும் ஆசை எனக்கில்லை. பாட்டிகளால் செத்த குழந்தைகளும் உண்டு. ஆனால் பாட்டி தப்பாகச் சொன்னால், சொன்ன பிறகும் அந்த வீட்டிலேயேதான் இருந்தாக வேண்டும். சொன்னதன் பலனை அவள் தினமும் கண்ணால் பார்க்கிறாள்.

6

இப்போது என் பங்கு. ஒன்பது வருஷங்களுக்கு முன், வேறொரு பத்திரிகையில், ஒரு பெண் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் பாதிக் கவிதைகள் அவருடைய கைக்குழந்தையைப் பற்றியவை. ஜுரத்தில் விழித்திருந்த ராத்திரிகள், பால் கட்டிய வலி, தூளிக் கயிற்றின் சத்தம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, கவிதை சொந்த உணர்ச்சியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று கற்றதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். இவை நாட்குறிப்புகள், கவிதைகள் அல்ல என்றும், ஆசிரியை சிலகாலம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிப்பது அவருக்கும் தமிழுக்கும் நல்லது என்றும் எழுதினேன். அந்த வாக்கியத்துக்காக நண்பர்கள் பாராட்டினார்கள். அதன்பின் அவர் எழுதி நான் பார்க்கவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைப்பது அகங்காரமாகவும் இருக்கலாம். காரணமே இல்லை என்று நினைப்பது சௌகரியம்.

என் மகளுக்கு முதல் ஜுரம் வந்த ராத்திரிக்குப் பிறகு அந்தத் தொகுப்பை எடுத்துப் படித்தேன். எல்லாமே நல்ல கவிதைகள் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து கவிதைகளில் நான் விலகல் இல்லை என்று சொன்ன இடத்தில் கடுமையான விலகல் இருந்தது. தூங்காத ஒரு மனம் தன்னையே தள்ளி நின்று பார்க்கிறது. அதைப் பார்க்க எனக்கு அப்போது கண் இல்லை.

இதற்கிடையில் என் அபிப்பிராயம் மெல்ல மாறி, பின்னால் எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளில் அன்றாட வாழ்வின் கவிதையை ஆதரித்தே எழுதிவிட்டேன். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது வளர்ச்சி என்றார் ஒரு நண்பர். இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரிகைகள் செய்ததும் இதையேதான். பழைய இதழை மறந்துவிட்டு அடுத்த இதழைப் போட்டேன். என் மாற்றத்தின் லாபம் என் வரவில் ஏறியது, அந்த வாக்கியத்தின் பற்று அவர் கணக்கில் அப்படியே நிற்கிறது.

அந்த மதிப்புரையில் அந்த வாக்கியத்தின் குறுக்கே இங்கே ஒரு கோடு போடுகிறேன். அடியில் பழையது படிக்கிற மாதிரி இருக்கட்டும். அவர் இந்தப் பத்திரிகையைப் பார்க்கிறாரா என்று தெரியாது. பழைய சந்தாப் பட்டியலில் இருக்கும் அவர் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். வீடு மாறியிருந்தால் திரும்பி வந்துவிடும்.